கற்பிட்டிக் காற்றும் ஓர் இடுப்புப் பட்டியின் வரலாறும்



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். கடைசிப் பகுதி எங்கள் கொலன்னாவை வெள்ளத்தைப் பற்றியது. முழுவதும் வாசிக்க நேரமில்லாதவர்கள் அதையாவது வாசித்துவிட்டு வீட்டிலுள்ள வாலிபர்களுக்குச் சொல்லுங்கள்.

என்னிடம் வரலாறு படித்த ஒரு மாணவன், ஓ.எல். முடித்து இரண்டு வருடம் அங்குமிங்கும் வேலை தேடிவிட்டு, கற்பிட்டிக்குப் போய்விட்டான். அங்கே மாமியின் வீட்டில் தங்கி, வெளிநாட்டவர்களுக்குக் கடலில் பட்டம் பிடித்துச் சறுக்கக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் உதவியாளாக வேலை. கைட் சேர்ஃபிங் என்கிறார்கள். அவனுடைய உம்மா ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார்.

“சேர், இடுப்புல பெல்ட் ஒண்டக் கட்டி, அதப் பட்டத்துல கொளுவிக்கிட்டுக் கடலுக்குப் போறானாம். காத்து இழுத்துக்கிட்டுப் போனா என்ன செய்ற? நீங்க சொன்னாக் கேப்பான். வந்துரச் சொல்லுங்க.”

அந்தத் தாய் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அவனைக் கூட்டி வரும் எண்ணத்தோடுதான் ஓகஸ்ட் விடுமுறையில் நானும் கற்பிட்டிக்குப் போனேன்.

கற்பிட்டி, ஒரு பக்கம் பெருங்கடலும் மறு பக்கம் புத்தளம் களப்புமாக, வடக்கே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலம். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை அங்கே சோளகக் காற்று ஓய்வதில்லை. மீன்பிடிக்கிறவர்களுக்குச் சிரமமான அந்தக் காற்றைத் தேடித்தான் இப்போது ஐரோப்பாவிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். கண்டக்குழி, கப்பலடிப் பக்கம் போனால் வானம் நிறையப் பட்டங்கள். காலி முகத்திடலில் எங்கள் பிள்ளைகள் விடுகிற பட்டம் இல்லை. ஓர் அறையின் அகலத்தைவிடப் பெரியது. ஓரத்தில் காற்றடைத்த குழாய். இருபது, இருபத்தைந்து மீற்றர் நீளக் கயிறுகள். கீழே பலகையில் ஒரு மனிதன்.

மாணவன் அந்தப் பெல்ட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தான். ஹார்னஸ் என்பது அதன் பெயர். எங்கள் மூத்தவர்கள் சாரத்துக்கு மேல் கட்டிய அகலப் பெல்ட் நினைவுக்கு வந்தது. அதைவிட அகலம், முதுகைத் தாங்கும்படி விறைப்பு, முன்னால் ஓர் உலோகத் தண்டு, அதில் ஒரு கொக்கி. பட்டத்தின் நடுக்கயிறு ஒரு வளையத்தில் வந்து முடிகிறது. வளையத்தைக் கொக்கியில் மாட்டினால் பட்டத்தின் இழுவை முழுவதும் இடுப்புக்கு வந்துவிடும். கைகள் பட்டத்தைத் திருப்புவதற்கு மட்டும்தான்.

“கையால மட்டும் பிடிச்சா எவ்வளவு நேரம் நிப்பாய்?” என்று கேட்டேன்.

“அஞ்சு நிமிஷம் நிண்டாப் பெரிய விஷயம் சேர்.”

தண்ணீர்க் குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் தோள் கேட்டுக்கொள்ளும். அதே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் உம்மும்மாக்கள் எவ்வளவு தூரம் நடந்தார்கள்! பாரம் மாறவில்லை. அதைத் தாங்கும் இடம் மாறிவிட்டது. ஹார்னஸ் செய்வதும் அந்த வேலைதான்.

அவனைக் கூட்டிவரப் போன நான் அன்று இரவு வரலாறு தேட உட்கார்ந்துவிட்டேன். வாத்தியார் புத்தி.

பலகையில் பாய் கட்டி ஓட்டும் விண்ட் சேர்ஃபிங் முதலில் வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த நியூமன் டார்பி என்பவர் 1960களின் நடுப்பகுதியில் அப்படியொன்றைச் செய்து, 1965இல் பொப்பியுலர் சயன்ஸ் சஞ்சிகையில் அதைப் பற்றி எழுதினார். பிறகு கலிபோர்னியாவில் ஜிம் டிரேக் என்ற விமானப் பொறியியலாளரும் ஹொய்ல் ஷ்வைட்சர் என்ற வியாபாரியும் சேர்ந்து வேறொரு வடிவத்தைச் செய்து 1970இல் காப்புரிமை பெற்றார்கள். அவர்கள் செய்ததில் பாய்மரத்தின் அடி எந்தப் பக்கமும் சாயக்கூடிய மூட்டில் நின்றது. மரத்தை நிமிர்த்திப் பிடிக்கக் கயிறு எதுவும் கிடையாது. ஓட்டுபவனின் இரண்டு கைகள்தான் அந்தக் கயிறு.

இதனால் பலகை இலேசானது, ஆனால் கை ஓய்ந்துபோனது. காற்று பலமாக இருக்கும் ஹவாய்த் தீவுகளில் இதற்கு வழி தேடினார்கள். 1970களின் நடுப்பகுதியில் அங்கே ஹார்னஸ் புழக்கத்துக்கு வந்தது. முதலில் நெஞ்சில் கொக்கி வைத்த மேலங்கி மாதிரி இருந்தது. முதுகு நோகிறது என்று கொக்கியைக் கீழே இறக்கினார்கள். அப்படித்தான் இடுப்புக்கும், பிறகு தொடையோடு சேர்த்துக் கட்டும் இருக்கை வடிவத்துக்கும் வந்தது.

ஆனால் உடம்பைக் கயிற்றில் கொளுவிக் காற்றை எதிர்க்கும் யோசனை அதற்கும் முந்தியது. 1938இல் இங்கிலாந்தில் நடந்த பிரபலமான பாய்ப்படகுப் போட்டி ஒன்றில் பீட்டர் ஸ்கொட், ஜோன் விண்டர் என்ற இருவர் ஒரு சிறு படகில் வந்தார்கள். தென்துருவப் பயணத்தில் இறந்த கப்டன் ஸ்கொட்டின் மகன்தான் இந்தப் பீட்டர் ஸ்கொட். பிற்காலத்தில் உலக வனவிலங்கு நிதியத்தை நிறுவியவர்களில் ஒருவர். பாய்மரத்தின் மேலிருந்து ஒரு கம்பி வருகிறது. ஒருவர் இடுப்பில் பட்டி கட்டி, கம்பியில் கொளுவி, படகின் விளிம்பில் கால்களை ஊன்றி, முழு உடம்பையும் தண்ணீருக்கு மேல் கிடத்துகிறார். படகு சாயாமல் பறக்கிறது. வென்றார்கள். உடனே அந்த வகைப் படகுகளில் இந்த உபாயம் தடை செய்யப்பட்டது. ஆனாலும் யோசனை சாகவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பறக்கும் டச்சுக்காரன் என்று பெயர்கொண்ட படகு வகை அதே கம்பியோடு போட்டிக்கு வந்தது.

இதை வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நீர்கொழும்பு ஞாபகம் வந்தது.

நீர்கொழும்புக் கடலில் மண்ணிறப் பாய் விரித்துப் போகும் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். சிங்களத்தில் ‘ஒருவ’ என்பார்கள். குடைந்த மரத்துக்கு மேல் பலகை வைத்துத் தென்னங்கயிற்றால் தைத்த ஒடுங்கிய உடல். அது தனியே நின்றால் கவிழ்ந்துவிடும். அதற்காக வளைந்த இரண்டு கம்புகளின் நுனியில், பக்கத்தில் ஒரு மிதப்புக் கட்டை. அந்தக் கட்டை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்கவேண்டும். அதனால் இந்தப் படகுக்கு முன் பின் என்று கிடையாது. திசை மாற்றவேண்டுமானால் படகைத் திருப்பாமல் பாயை மறுமுனைக்கு மாற்றுவார்கள். பின்முனை முன்முனையாகிவிடும்.

காற்று கடுமையாகும்போது மிதப்புக் கட்டை தண்ணீரைவிட்டு மேலே எழும்பும். அப்போது படகாளி ஒருவர் அந்த வளைகம்பில் ஏறி, மரத்திலிருந்து வரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடலுக்கு மேலே நின்று தன் பாரத்தைக் கொடுப்பார். காற்று இன்னும் கூடினால் இன்னொருவர் போவார். 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த வெளிநாட்டவர்கள் இதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்கள். இந்தக் கடற்கரையில் காற்றின் பலத்தை மனிதக் கணக்கில் சொல்வார்களாம்: ஓராள் காற்று, ஈராள் காற்று, மூவாள் காற்று. எத்தனை பேர் வெளியே போய் நிற்கவேண்டுமோ அதுதான் காற்றின் அளவு. வானிலைத் திணைக்களம் இல்லாத காலத்தில் இதைவிடத் தெளிவான அளவுகோல் எது?

இது எவ்வளவு பழையது? கி.பி. 1ஆம் நூற்றாண்டில் ரோம அறிஞர் பிளினி, தப்ரபேன் என்று தான் அழைத்த எங்கள் தீவைப் பற்றி எழுதும்போது, இங்குள்ள கப்பல்களுக்கு இரு முனையிலும் முகப்பு உண்டு, ஒடுங்கிய நீர்வழிகளில் திருப்பத் தேவையில்லை என்கிறார். அவர் இங்கு வந்தவரல்லர், கேட்டு எழுதியவர். அவர் சொன்னது ‘ஒருவ’ படகைத்தான் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் இரு முனையும் முகப்பான படகு இன்றைக்கும் நீர்கொழும்பில் கண்முன்னே நிற்கிறது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். இப்படிப்பட்ட தகவல் கிடைத்தவுடன் “வெள்ளைக்காரன் எங்களிடமிருந்து திருடிவிட்டான்” என்று பதிவு போடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். தயவு செய்து அப்படிப் பகிராதீர்கள். பீட்டர் ஸ்கொட் இலங்கைப் படகைப் பார்த்துத்தான் செய்தார் என்பதற்கோ, ஹவாய் வாலிபர்கள் நீர்கொழும்பு மீனவரிடம் கற்றார்கள் என்பதற்கோ என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஒரே காற்று, ஒரே மனித உடம்பு, ஒரே சிரமம். வெவ்வேறு கரையில் இருந்தவர்கள் ஒரே பக்கம் யோசித்திருக்கிறார்கள். ஆதாரமில்லாத பெருமையைப் பிள்ளைக்குக் கொடுத்தால், நாளை அது பொய்யென்று தெரியும்போது உண்மையான பெருமையையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுவான்.

உண்மையில் எனக்குப் பெரிதாகப் பட்டது, ஒற்றுமையைவிட ஒரு வித்தியாசம். இங்கிலாந்துக்காரர் இடுப்பில் கொளுவிக்கொண்டார். எங்கள் படகாளி கயிற்றைக் கையால் பிடித்தார். கட்டவில்லை.

மறுநாள் மாணவனின் மாமி வீட்டில் இதற்கு விளக்கம் கிடைத்தது. அந்தக் குடும்பம் மன்னாரைச் சேர்ந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உடுத்த உடுப்போடு கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கியவர்கள். வீட்டிலே வயதான அப்பா ஒருவர் இருக்கிறார், மாணவனின் உம்மாவைப் பெற்றவர். வாலிபத்தில் பாய் வள்ளம் ஓட்டியவர். பேரன் ஹார்னஸைக் கட்டி அவருக்கு முன்னால் நின்றான். அவர் அதன் விலையைக் கேட்கவில்லை, எந்த நாட்டுச் சாமான் என்று கேட்கவில்லை. கொக்கியைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்:

“இத எப்புடி மகன் கழட்டுற?”

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “மாஸ்டர், கடல்ல கட்டுறதுக்கு எல்லாருக்கும் தெரியும். வள்ளம் பிரண்டா, கட்டினவன் வள்ளத்தோட போவான். புடிச்சவன் விட்டுட்டு நீந்துவான்.”

மன்னார்க் கடலில் இந்த அறிவு மிகப் பழையது. முத்துக்குளிப்பை நினைத்துப் பாருங்கள். 1344இல் புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னால் முத்துகள் குவிந்திருந்ததை எழுதியிருக்கிறார். 1905இல் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பு மிகப் பெரியவற்றில் ஒன்று. கீழக்கரை முஸ்லிம்கள், தூத்துக்குடிப் பரவர், வளைகுடா அரபிகள் என்று பலரும் குளித்தார்கள். குளிக்கிறவர் வேகமாகக் கீழே போவதற்குக் கனமான கல் ஒன்று வேண்டும். அந்தக் கல்லை அவர் உடம்பில் கட்டுவதில்லை. கல்லின் கயிற்றில் ஒரு வளையம், அதற்குள் கால். அடி தட்டியதும் காலை எடுத்துவிடுவார், மேலே நிற்கும் துணையாள் கல்லை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கிவிட்டுக் கயிற்றை ஆட்டினால் துணையாள் அவரை மேலே தூக்குவார். கீழே கொண்டுபோகும் பாரத்திலிருந்து ஒரு நொடியில் காலை எடுக்க முடியவேண்டும். அந்த ஒரு நொடியில்தான் உயிர் இருந்தது.

இனிப் பட்டத்துக்கு வருவோம். விண்ட் சேர்ஃபிங்கில் கொக்கியைக் கழற்றுவது சுலபம். கையை மடக்கிப் பாயை நம் பக்கம் இழுத்தால் கயிறு தளர்ந்து தானாகவே கொக்கியிலிருந்து விழும். பாயை விட்டால் அது தண்ணீரில் சாய்ந்து அடங்கிவிடும். பட்டம் அப்படி அடங்காது. அது வானத்தில் நின்று இழுத்துக்கொண்டே இருக்கும். இழுவை ஆளின் நிறையையும் மிஞ்சும். பிரான்சின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகெய்னு என்ற சகோதரர்கள், தண்ணீரில் விழுந்தாலும் மீண்டும் எழுப்பக்கூடிய காற்றடைத்த பட்டத்துக்கு 1984 நவம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1990களின் கடைசியில் அது கடைகளுக்கு வந்தது. ஆரம்பப் பட்டங்களின் இழுவையை முழுமையாகக் குறைக்க வழி இருக்கவில்லை. கொக்கியில் மாட்டிய மனிதன், காற்று திடீரென்று கூடினால், கரைக்கும் மரத்துக்கும் கல்லுக்கும் இழுத்துச் செல்லப்பட்டான். உயிர்கள் போயின.

அதற்குப் பிறகு பெரிய மாற்றம் அவிழ்க்கும் பக்கத்தில்தான் வந்தது. இப்போது கொக்கியில் மாட்டும் வளையத்துக்கு மேலே, பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், ஒரு பிடி இருக்கிறது. எவ்வளவு இழுவை இருந்தாலும் அதைத் தள்ளினால் வளையம் திறந்துவிடும். பட்டம் ஒரே கயிற்றில் தொங்கிப் பலமிழந்து தண்ணீரில் விழும். அதுவும் போதாவிட்டால் அந்தக் கடைசிக் கயிற்றைக் கழற்ற இரண்டாவது பிடி. 2020இல் இந்த அவிழ்ப்பு அமைப்புக்கென்றே ஐ.எஸ்.ஓ. 21853 என்ற சர்வதேசத் தரம் வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில், பட்டச் சறுக்கல் முதன்முறையாகப் போட்டியானது.

அப்பா கேட்ட கேள்விக்குப் பேரன் வாயால் பதில் சொல்லவில்லை. கடற்கரைக்குக் கூட்டிப் போய், கண்ணை மூடிக்கொண்டு, நான் கை தட்டியவுடன் அந்தப் பிடியைத் தள்ளிக் காட்டினான். பத்துத் தடவை. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடமே இதுதானாம். பறப்பதெல்லாம் பிறகு. அவனைக் கூட்டி வரும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைத்தது என்று இப்போது சொல்கிறேன். எட்டு வருடத்துக்கு மேலாக என் வீட்டாரிடமும் நான் முழுதாகச் சொல்லாத விஷயம்.

2016 மே மாதம், களனி கங்கை பெருகி எங்கள் பகுதி மூழ்கிய நாட்கள் உங்களுக்கு மறந்திருக்காது. எங்கள் லேனில் நெஞ்சளவு தண்ணீர். உள்ளே ஒரு வீட்டில் வயதான தாத்தா ஒருவர் தனியே இருந்தார். நான் போகிறேன் என்று இறங்கினேன். பாதுகாப்புக்கென்று நைலோன் கயிறு ஒன்றை இடுப்பில் இறுக்கி முடிச்சுப் போட்டேன். மறுமுனையை லைட் கம்பத்தில் கட்டினோம். எல்லோரும் அது புத்தியான வேலை என்றுதான் நினைத்தோம்.

பாதி வழியில் மூடி கழன்ற கான் ஒன்றில் கால் போய் விழுந்தேன். தண்ணீர் என்னைத் தள்ளியது, கயிறு விறைத்தது. கயிறு காப்பாற்றும் என்று நினைத்திருந்தேன். அது என்னை இரண்டாக மடித்தது. ஒரு பக்கம் கயிறு பிடிக்க மறு பக்கம் ஓட்டம் தள்ளினால் உடம்பு மேலே வராது, கீழேதான் போகும். முகம் தண்ணீருக்குள். கையால் முடிச்சைத் தேடினேன். நனைந்த நைலோன், பாரம் ஏறிய முடிச்சு, அது கல்லாகியிருந்தது. பக்கத்து வீட்டு நானா இறைச்சி வெட்டும் கத்தியோடு குதித்துக் கயிற்றை அறுத்தார். அல்ஹம்துலில்லாஹ், இன்று இதை எழுதுகிறேன். தாத்தாவைப் பிறகு படகில் வந்தவர்கள் பத்திரமாக எடுத்தார்கள்.

மன்னார் அப்பா கேட்ட கேள்வியை அன்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால் நான் அந்த முடிச்சைப் போட்டிருக்கமாட்டேன். எங்கள் லேனில் படித்தவர்கள் எத்தனையோ பேர் நின்றார்கள். எப்படிக் கழற்றுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. பாயும் வள்ளமும் போய் இயந்திரப் படகு வந்தது நல்லதுதான், மீனவர்களின் முதுகு தப்பியது. ஆனால் கயிற்றைப் பற்றிய அந்த அறிவை எழுதிவைக்காமலே விட்டுவிட்டோம். கங்கை ஓரத்தில் குடியிருக்கும் நமக்கு அது இன்னும் தேவைப்படுகிறது.

ஆகவே தயவு செய்து இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும் வெள்ளத்தில் இறங்குகிறவரின் இடுப்பில் ஒருபோதும் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். மறுமுனையைக் கம்பத்திலோ கேற்றிலோ கட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். மீட்புப் பயிற்சி பெற்றவர்கள் அணியும் அங்கியில் கயிறு இருக்கும், ஆனால் அதிலும் ஒரே இழுப்பில் கழரும் பிடி உண்டு. நம்மிடம் அது இல்லை.

கயிற்றைக் கையில் பிடியுங்கள், கையில் சுற்றாதீர்கள். மணிக்கட்டில் சுற்றிய கயிறும் முடிச்சுத்தான்.

முடிந்தவரை இறங்காமல் எறியுங்கள். மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கயிற்று நுனியில் கட்டி எறிந்தால், தத்தளிக்கிறவர் அதைப் பிடித்துக்கொள்ளலாம். எறிந்து பழகியிருக்கவேண்டும். வெள்ளம் வந்த அன்று பழக முடியாது.

அடுத்த மழைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு, எங்கள் மைதானத்தில் வாலிபர்களை வைத்துக் கயிறு எறியப் பழக்கலாம் என்று நினைக்கிறேன். வர விரும்புகிறவர்கள் கீழே எழுதுங்கள். சிங்கள, தமிழ் அயலவர்களையும் கூப்பிடுங்கள். தண்ணீர் வீடு பார்த்து வருவதில்லை. உங்கள் வீட்டில் கடல் தெரிந்த, வள்ளம் ஓட்டிய பெரியவர்கள் இருந்தால் காற்றுகளின் பெயர்களையும் முடிச்சுகளையும் கேட்டு இங்கே எழுதிவையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்கவேண்டும்.

திரும்பி வந்து மாணவனின் உம்மாவிடம் சொன்னேன்: “அவன் இருக்கட்டும் உம்மா. எப்படிக் கழட்டுறதெண்டு தெரிஞ்சிக்கிட்டுத்தான் கட்டுறான். ஒவ்வொரு நாளும் இறங்க முந்தி அதச் சரிபார்க்கணுமெண்டு சொல்லியிருக்கிறேன். அவன்ட அப்பாவும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு.”

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீங்களும் கட்டிப் பாத்தீங்களா சேர்?” என்று கேட்டார்.

கட்டிப் பார்த்தேன். மணலில் நின்றுதான். நானும் பத்துத் தடவை கழற்றிப் பார்த்தேன்.

அல்லாஹ் நம் எல்லோருடைய பிள்ளைகளையும் தண்ணீரிலும் தரையிலும் பாதுகாப்பானாக. ஆமீன்.